பழைய பொட்டியை விட்டு வர ஏழு வருஷம்

வீட்டில் பத்து வயசுக்கு மேல் ஒரு பையனோ பெண்ணோ இருந்தால் இந்த வசனம் உங்களுக்கும் பழக்கமாகியிருக்கும். "அப்பா, புது ப்ளேஸ்டேஷன் வந்தாச்சு. இனிமே பழசுல கேமே வராது." கடைக்காரரும் அதையேதான் சொல்வார். அவருக்கு வியாபாரம் ஆகணுமே!

ஆனால் நடந்த கதை வேறு. சோனியின் ப்ளேஸ்டேஷன் 3 ஜப்பானில் கடைக்கு வந்தது 2006 நவம்பரில். அதற்கு முந்தைய ப்ளேஸ்டேஷன் 2-க்கான கடைசி கேம்களில் ஒன்று 'ப்ரோ எவல்யூஷன் சாக்கர் 2014'. அது வெளியானது 2013 நவம்பரில். நடுவில் முழுசாக ஏழு வருஷம். அவ்வளவு காலமும் யாரோ சிலர் எங்கேயோ உட்கார்ந்து, காலம் முடிந்துவிட்டது என்று எல்லோரும் சொன்ன ஒரு பொட்டிக்கு நிரல் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

ஏன் என்று பார்ப்பதுதான் இந்தப் பதிவு. கேம் பக்கமே போகாதவர்களும் தைரியமாகப் படிக்கலாம். சொந்த ஊரை விட்டு வந்து பொட்டி தட்டிப் பிழைக்கும் நம் எல்லோருக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

பத்து கோடி பொட்டிகள்

2005 நவம்பர் 22. மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்பாக்ஸ் 360-ஐ அமெரிக்காவில் விற்க ஆரம்பித்தது. புதிய தலைமுறை கன்சோல்களில் முதலில் வந்தது இதுதான். சரியாக ஒரு வாரம் கழித்து சோனியிடமிருந்து ஓர் அறிவிப்பு: ப்ளேஸ்டேஷன் 2 இதுவரை 10 கோடி அனுப்பியாகிவிட்டது.

இந்த இரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீங்கள் ஒரு கேம் கம்பெனி முதலாளி. ஒரு பக்கம் 10 கோடி பொட்டி ஏற்கெனவே ஊரெல்லாம் போய்ச் சேர்ந்திருக்கிறது. இன்னொரு பக்கம் பிறந்து ஒரு வாரமே ஆன குழந்தை. சரக்கை எந்தச் சந்தைக்கு அனுப்புவீர்கள்?

பெரும்பாலான கம்பெனிகள் "ரெண்டுக்கும்" என்றன. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வருஷா வருஷம் கொண்டுவரும் அமெரிக்கக் கால்பந்து கேமான 'மேடன்' 2005-இல் இரண்டு தலைமுறைக்கும் வந்தது. எக்ஸ்பாக்ஸ் 360-இல் பார்க்க அழகாக இருந்தது. ஆனால் பழைய பொட்டியில் இருந்த பல வசதிகள் புதியதில் காணோம். காசு அதிகம் கொடுத்து வாங்கியவர்கள் கடுப்பானார்கள். காரணம் எளிது. பழைய பொட்டியில் இருந்தது வருஷக்கணக்கில் செங்கல் செங்கலாகக் கட்டிய வீடு. புதியதில் அஸ்திவாரத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

அவ்வளவு ஏன், சோனியே என்ன செய்தது தெரியுமா? அமெரிக்காவில் ப்ளேஸ்டேஷன் 3 வந்து நாலு மாசம் கழித்து, 2007 மார்ச்சில், 'காட் ஆஃப் வார் 2' என்ற பெரிய கேமை வெளியிட்டது. எந்தப் பொட்டிக்கு? ப்ளேஸ்டேஷன் 2-க்கு! சொந்தக் கம்பெனியின் சொந்த ஸ்டூடியோவே இன்னும் பழைய வீட்டைக் காலி செய்யவில்லை.

பழகின தோசைக்கல்

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ப்ளேஸ்டேஷன் 2 ஒன்றும் சாதுவான பொட்டி இல்லை. 2000-இல் அது வந்தபோது நிரலாளர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். 32 மெகாபைட் நினைவகம். படம் வரையும் சிப்புக்குள் வெறும் 4 மெகாபைட். முக்கியச் செயலியோடு இரண்டு வெக்டர் யூனிட்டுகள். அவற்றை ஒழுங்காக வேலை வாங்க அசெம்பிளி மொழியில் கையால் எழுத வேண்டும். முதல் வருஷத்து கேம்கள் சுமாராகத்தான் இருந்தன.

ஐந்தாறு வருஷத்தில் அதே பொட்டியின் ஒவ்வொரு மூலையும் அத்துப்படி ஆனது. எண்ணெய் குடித்துப் பழகின தோசைக்கல் மாதிரி. கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினாலும் வட்டமாக எழும்பி வரும். அந்த நேரம் பார்த்துத்தான் "இந்தா, புதுக் கல்" என்று கொண்டுவந்து வைத்தார்கள். புதுக் கல்லில் முதல் பத்து தோசை என்ன ஆகும் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

புதுப் பொட்டியில் மூன்று விதமான கஷ்டங்கள் இருந்தன.

முதலாவது, படம். பழைய டிவியில் 640-க்கு 480 புள்ளிகள் என்றால், புதியதில் 1280-க்கு 720. கணக்குப் போட்டால் சரியாக மூன்று மடங்கு. ஆனால் வேலை மூன்று மடங்கோடு நிற்கவில்லை. முன்பு ஒரு பாத்திரத்தைச் சில ஆயிரம் முக்கோணங்களில் செய்து, முகச் சுருக்கத்தையும் சட்டை மடிப்பையும் மேலே வண்ணமாகத் தீட்டிவிடுவார்கள். புதிய தலைமுறையிலோ முதலில் களிமண் சிற்பம் மாதிரி மிக நுணுக்கமாகச் செதுக்க வேண்டும். பிறகு அந்த நுணுக்கங்களையெல்லாம் 'நார்மல் மேப்' என்ற படத்துக்குள் இறக்கி, எளிய உருவத்தின் மேல் போர்த்த வேண்டும். கதாநாயகனுக்கு மட்டும் இல்லை, மூலையில் கிடக்கும் பீப்பாய்க்கும் நாற்காலிக்கும் இதே கதைதான். ஓவியர் கூட்டம் பெருகியது. சம்பளச் செலவும் பெருகியது. அமெரிக்காவில் 50 டாலராக இருந்த கேம் விலை 60 ஆனது இந்தத் தலைமுறையில்தான்.

இரண்டாவது, ஒரே நேரத்தில் பல வேலை. எக்ஸ்பாக்ஸ் 360-இல் மூன்று கோர்கள். ப்ளேஸ்டேஷன் 3-இன் 'செல்' சிப்பில் ஒரு முக்கியக் கோரும், எஸ்.பி.இ. எனப்படும் சின்னக் கோர்கள் எட்டும். எட்டில் ஒன்றை ஆரம்பத்திலேயே அணைத்துவிட்டார்கள் (அப்போதுதான் பழுதுள்ள சிப்புகளையும் தூக்கிப் போடாமல் பயன்படுத்தலாம்). இன்னொன்று இயங்குதளத்துக்கு. மிச்சம் ஆறு, கேமுக்கு. ஒரு எஸ்.பி.இ.க்குத் தன் சொந்த 256 கிலோபைட்டுக்கு வெளியே எதுவும் நேரடியாகத் தெரியாது. கல்யாணச் சமையலுக்கு ஆறு சமையல்காரர்கள் வந்திருக்கிறார்கள், எல்லோரும் மகா வேகம், ஆனால் யாரும் உக்கிராண அறைக்குள் போகமாட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். காயை நறுக்கி, பருப்பை அளந்து, ஒவ்வொருவர் மேஜைக்கும் சரியான நேரத்தில் நீங்கள்தான் கொண்டுபோய் வைக்க வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் ஆறு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள்.

மூன்றாவது, இரண்டு புதுப் பொட்டிகளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. எக்ஸ்பாக்ஸில் 512 மெகாபைட் நினைவகம் ஒரே குவியலாக இருந்தது. ப்ளேஸ்டேஷன் 3-இலும் அதே 512 தான், ஆனால் 256, 256 என்று பாகப்பிரிவினை ஆகியிருந்தது. ஒன்றில் எழுதியதை இன்னொன்றுக்கு மாற்றும்போது முட்டியது. 2009-இல் வந்த 'பயோனெட்டா' ஒரு நல்ல உதாரணம். அதை உருவாக்கிய ப்ளாட்டினம் கேம்ஸ் எக்ஸ்பாக்ஸுக்குச் செய்தது. ப்ளேஸ்டேஷன் 3-க்கு மாற்றியது சேகா. மாறி வந்தது திக்கித் திணறி ஓடியது. வால்வ் கம்பெனியின் கேப் நியூவெல் 2007-இல் ப்ளேஸ்டேஷன் 3-ஐப் பகிரங்கமாகத் திட்டித் தீர்த்தார். அந்த வருஷம் அவர்களுடைய 'ஆரஞ்ச் பாக்ஸ்' தொகுப்பை அந்தப் பொட்டிக்கு மாற்றும் வேலையையும் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸிடம் விட்டுவிட்டார்கள். அதே நியூவெல் 2010-இல் சோனியின் மேடையிலேயே ஏறி 'போர்ட்டல் 2' அந்தப் பொட்டிக்கும் வரும் என்றார். பொட்டி அறிமுகமாகி அதற்குள் மூன்றரை வருஷம் ஓடியிருந்தது.

நாலு கம்பெனி, நாலு வழி

இந்தச் சமயத்தில் யார் யார் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் சுவாரஸ்யமாக இருக்கும்.

ராக்ஸ்டார்: ப்ளேஸ்டேஷன் 2-இல் இவர்களுடைய 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ' கேம்கள் சக்கைப்போடு போட்டன. அவை ஓடியது 'ரெண்டர்வேர்' என்ற, வெளியே வாங்கிய இன்ஜினில். 2004-இல் அந்த இன்ஜினைச் செய்த கிரைட்டீரியன் கம்பெனியைப் போட்டியாளரான எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வாங்கிவிட்டது. குடக்கூலி வீட்டைப் பங்காளி விலைக்கு வாங்கின கதை! ராக்ஸ்டார் சொந்தமாக இன்ஜின் செய்ய இறங்கியது. அதில் வந்த முதல் கேம் எது தெரியுமா? 2006 மே மாதம் வந்த டேபிள் டென்னிஸ். துப்பாக்கியும் கார் துரத்தலுமாக இருந்தவர்கள் ஒரு மேஜை, ஒரு பந்து, இரண்டு ஆட்டக்காரர்களோடு வந்தால் ஊர் சிரிக்காதா? ஆனால் புது இன்ஜினைச் சின்ன இடத்தில் ஓட்டிப் பார்க்க அதைவிட நல்ல வழி இல்லை. அதே நேரம், கையடக்க பிஎஸ்பி-க்குச் செய்த இரண்டு கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ கேம்களை 2006-இலும் 2007-இலும் ப்ளேஸ்டேஷன் 2-க்கும் கொண்டுவந்து காசு பார்த்தார்கள். அப்படியும் நாலாம் பாகத்தை 2007 அக்டோபரில் தர முடியவில்லை. தொழில்நுட்பக் காரணம் சொல்லித் தள்ளிப்போட்டு, 2008 ஏப்ரல் 29 அன்றுதான் வெளியிட்டார்கள். சுமார் 10 கோடி டாலர் செலவு என்பது அதன் தயாரிப்பாளரே அப்போது சொன்ன கணக்கு.

அட்லஸ்: ஜப்பானில் ஒரு நடுத்தரக் கம்பெனி. அவ்வளவு பணத்துக்கு எங்கே போவார்கள்? அவசரப்படவே இல்லை. 'பெர்சோனா 3' 2006-இல், 'பெர்சோனா 4' 2008-இல், இரண்டுமே ப்ளேஸ்டேஷன் 2-க்கு. தெரிந்த பொட்டி என்பதால் கவனமெல்லாம் கதையிலும் பாட்டிலும் பாத்திரங்களிலும் போனது. இன்றைக்கும் பெர்சோனா 4-ஐக் கொண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள். 2016-இல் ஐந்தாம் பாகம் வந்தபோதும் புதிய ப்ளேஸ்டேஷன் 4-ஓடு பழைய ப்ளேஸ்டேஷன் 3-க்கும் சேர்த்தே கொடுத்தார்கள். பழக்க தோஷம் :-)

ஸ்கொயர் எனிக்ஸ்: 'ஃபைனல் ஃபேண்டஸி 13' முதலில் ப்ளேஸ்டேஷன் 2-க்காகத் தொடங்கி, பிறகு புதுப் பொட்டிக்கு மாறியது. 2006 மே மாதம் படம் காட்டினார்கள். கம்பெனி முழுமைக்கும் பொதுவாக ஒரு இன்ஜினையும் கூடவே செய்தார்கள். கேம் ஜப்பானில் வந்து சேர்ந்தது 2009 டிசம்பரில். அதோடு சேர்த்து அறிவித்த இன்னொரு கேமின் கதை இன்னும் பரிதாபம். பெயர் மாறி, ஆள் மாறி, 'ஃபைனல் ஃபேண்டஸி 15' என்று 2016 நவம்பரில் வந்தது. எந்தப் பொட்டிக்காக அறிவித்தார்களோ அந்தப் பொட்டிக்கு அது வரவே இல்லை.

ஃப்ரீ ராடிக்கல்: இங்கிலாந்துக் கம்பெனி. 2000-இல் ப்ளேஸ்டேஷன் 2 அமெரிக்காவில் அறிமுகமானபோது கூடவே வந்த 'டைம்ஸ்ப்ளிட்டர்ஸ்' இவர்களுடையது. பழைய பொட்டியின் முதல் நாளிலிருந்தே கூட இருந்தவர்கள் என்று சொல்லலாம். புதிய தலைமுறைக்கு 'ஹேஸ்' என்ற கேமை ப்ளேஸ்டேஷன் 3-க்கு மட்டும் செய்து 2008 மே மாதம் வெளியிட்டார்கள். விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அந்த டிசம்பரிலேயே கம்பெனி திவால் நிர்வாகத்துக்குப் போனது. பலருக்கு வேலை போனது. மிச்சம் இருந்ததை 2009-இல் கிரைடெக் வாங்கிக்கொண்டது.

சீக்கிரம் மாறியவன் புத்திசாலி, தாமதித்தவன் சோம்பேறி என்று ஒரே வரியில் முடித்துவிட முடியவில்லை, பார்த்தீர்களா? தாமதித்த அட்லஸ் பிழைத்தது. ஒரே கேமில் எல்லாவற்றையும் வைத்துத் தாவியவர்கள் விழுந்தார்கள். ராக்ஸ்டார் ஒரு காலைப் பழைய படியில் வைத்துக்கொண்டே அடுத்த காலை எடுத்து வைத்தது. ஆனால் அதற்கு அவர்களிடம் வசதி இருந்தது என்பதையும் மறக்கக்கூடாது.

நம் நாட்டுப் பங்கு

இனி இந்தியாவுக்கு வருவோம். ப்ளேஸ்டேஷன் 3 இங்கே வந்தது 2007 ஏப்ரலில், விலை 39,990 ரூபாய். அன்றைக்கு எத்தனை வீடுகளில் அதற்கு வழி இருந்தது? ரிச்சி தெரு, பர்மா பஜார், டெல்லி பாலிகா பஜார் என்று ப்ளேஸ்டேஷன் 2-க்கு 'சிப் போட்டு'க் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. நம் நடுத்தரக் குடும்பங்களுக்குத் தெரிந்த கன்சோல் அதுதான்.

சோனியும் அதைப் புரிந்துகொண்டு, இந்தியக் கதைகளைப் பழைய பொட்டிக்கே கேட்டது. 2009-இல் ஹைதராபாத் அரோனா டெக்னாலஜீஸ் செய்த 'ஹனுமான்: பாய் வாரியர்' வந்தது. முழுக்க இந்தியாவிலேயே உருவான முதல் கன்சோல் கேம் என்று அதைச் சொல்வார்கள். அதே வருஷம், அதே ஹைதராபாத்தின் கேம்சாஸ்த்ரா, கபடியும் கில்லியும் பட்டமும் வைத்து 'தேசி அட்டா' கொண்டுவந்தது. 2011-இல் மும்பை ட்ரைன் கேம்ஸ் 'ரா.ஒன்' படத்தின் கேமைச் செய்தது. அது ப்ளேஸ்டேஷன் 3-க்கும் சேர்த்து வந்தது. கடைசியாக 2013-இல் 'டான் 2', ப்ளேஸ்டேஷன் 2-க்கு. அந்த வருஷம் ஜனவரியில்தான் சோனி உலகம் முழுக்க அந்தப் பொட்டியின் தயாரிப்பையே நிறுத்தியது.

உலகம் விட்டுவிட்ட படிக்கட்டில்தான் நம் ஆட்கள் ஏற ஆரம்பித்திருக்கிறார்கள். ஒரு விதத்தில் நல்லது. சின்ன முதலீட்டில், வாங்க ஆள் இருக்கும் பொட்டியில் தொழிலைக் கற்றுக்கொள்ள அது ஒன்றுதான் வழியாக இருந்தது. இன்னொரு விதத்தில் பாவம். மெனக்கெட்டுக் கற்ற வெக்டர் யூனிட் வித்தையெல்லாம் அந்தப் பொட்டியோடு போயிற்று.

இதே காலத்தில் வேறு சிலர் வேறு வழியாக உள்ளே போனார்கள். ராஜேஷ் ராவ் 1997-இல் பெங்களூரில் துவங்கிய த்ருவா இன்டராக்டிவ், வெளிநாட்டு கேம்களுக்குப் படம் செய்து கொடுக்கும் வேலையில் இறங்கியது. ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட் வரிசை கேம்களுக்குக் கார்கள் செய்தது. குர்காவ்ன் லக்ஷ்யா டிஜிட்டல் 2004-இல் ஆரம்பித்ததும் இதே தொழிலுக்குத்தான். மேலே சொன்னேனே, பீப்பாய்க்கும் நாற்காலிக்கும் சிற்ப வேலை என்று? அமெரிக்க ஸ்டூடியோக்களைத் திணறடித்த அந்தச் செலவுதான் இங்கே பல இளைஞர்களுக்குச் சம்பளமாக வந்தது. ஒரு காரின் வளைவையும் உலோகத்தின் மினுமினுப்பையும் பார்த்துப் பழகிய கண் எந்தப் பொட்டி வந்தாலும் உதவும். த்ருவாவைக் கடைசியில், 2019-இல், வாங்கியது யார்? டேபிள் டென்னிஸ் போட்ட அதே ராக்ஸ்டார்!

திரும்பவும் அதே கதை

ப்ளேஸ்டேஷன் 5 வந்தது 2020 நவம்பரில். இந்தியாவுக்கு 2021 பிப்ரவரி 2 அன்று, 49,990 ரூபாய்க்கு. சிப் தட்டுப்பாட்டில் உலகமெங்கும் பொட்டி கிடைக்கவில்லை. 2022-இல் சோனியின் பெரிய கேம்களான 'ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட்', 'கிரான் டூரிஸ்மோ 7', 'காட் ஆஃப் வார் ரக்னராக்' மூன்றுமே ப்ளேஸ்டேஷன் 4-க்கும் வந்தன. 2024-இல் சோனி கொடுத்த கணக்குப்படி, மாதா மாதம் ஆடுகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இன்னும் 4-இல்தான் இருந்தார்கள். அந்த வருஷத்து 'கால் ஆஃப் டியூட்டி'யும் 4-க்கும் வந்தது.

காரணம் மட்டும் மாறியிருக்கிறது. 2006-இல் புதுப் பொட்டி கஷ்டமாக இருந்ததால் தாமதித்தார்கள். இந்தத் தடவை பழசும் புதுசும் ஒரே குடும்பத்துச் சிப்புகள். இரண்டுக்கும் சேர்த்துச் செய்வது முன்னளவு கஷ்டம் இல்லை. அதனால் பழைய வாடிக்கையாளரை விட மனசு வரவில்லை. எப்படிப் பார்த்தாலும், முதல் இரண்டு மூன்று வருஷத்துக்குப் பழைய பொட்டி அநாதை ஆவதில்லை. வீட்டில் அடுத்த பொட்டிக்கான பேச்சுவார்த்தை நடக்கும்போது இந்தக் கணக்கு கைவசம் இருக்கட்டும். (பிள்ளைகளிடம் இந்தப் பதிவைக் காட்ட வேண்டாம். என்னைத் திட்டுவார்கள்.)

நமக்கான பங்கு என்று ஆரம்பத்தில் சொன்னேன் இல்லையா? நம்மில் எத்தனையோ பேர் ஊரை விட்டு வந்ததே ஒரு பொட்டியை நம்பித்தான். 1990-களின் கடைசியில் ஒய்2கே வேலைக்காகக் கோபால் மொழி படித்துவிட்டு ரயில் ஏறிய ஒரு தலைமுறையே உண்டு (கோபால் என்றால் எதிர் வீட்டு கோபால் இல்லை, கம்ப்யூட்டர் மொழி). வேலை முடிந்ததும் சிலர் தடுமாறினார்கள். சிலர் அந்த மொழியில் எழுதியிருந்த வங்கிக் கணக்குவழக்கைக் கற்று வைத்திருந்தார்கள். மொழி மாறியும் அவர்களுக்கு வேலை இருந்தது. இப்போது செயற்கை நுண்ணறிவு என்று அடுத்த கல்லைக் கொண்டுவந்து அடுப்பில் வைத்திருக்கிறார்கள். ஊரில் அம்மா அப்பா, இங்கே வீட்டுக் கடன், பிள்ளைகள் படிப்பு என்று இருக்கிறவர்களுக்கு ஃப்ரீ ராடிக்கல் மாதிரி எல்லாவற்றையும் வைத்துத் தாவ முடியாது. பழைய பொட்டியிலேயே ஏழு வருஷம் உட்கார்ந்திருக்கவும் முடியாது.

ராக்ஸ்டாரின் அந்த டேபிள் டென்னிஸ்தான் எனக்குத் திரும்பத் திரும்ப ஞாபகம் வருகிறது. சோறு போடும் பழைய வேலையை விடாமல், ஊர் சிரித்தாலும் பரவாயில்லை என்று, ஓரமாக ஒரு சின்ன மேஜையில் புதியதை ஆடிப் பார்ப்பது. வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்கினாலும் போதும், ஆரம்பித்துவிடலாம்.

சரி, ஆணி நிறைய இருக்கிறது. போய்ப் பிடுங்குகிறேன். அடுத்த பதிவில் பார்ப்போம்.